குங்ஃபூ ஹஸில் படத்தின் பெரியவர்கள்: பேசுவோம் வாருங்கள்

மாடிக்கயிறு (ரங்கூன்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் விடாத மழை. வெளியே போக வழியில்லாமல் பழைய விசிடி பெட்டியைக் கிளறியபோது குங்ஃபூ ஹஸில் கையில் கிடைத்தது. 2005இல் வாங்கியது. அட்டைப்படம் வெளுத்துப்போய்விட்டது, ஆனால் இரண்டு தட்டுகளும் நன்றாக ஓடின. முதல் தட்டு முடிந்து இரண்டாவதைப் போடுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. திரும்பி வர மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங்கின் ஸ்டீபன் சோ இயக்கி நடித்தது. 2004 டிசம்பரில் அங்கே வெளியானது. சீனத்தில் அதன் பெயர் வெறும் 'குங்ஃபூ'தான். பழைய ஷாங்காய் நகரத்தைக் கோடரிக் கும்பல் என்ற ரௌடிப் படை ஆட்டிப்படைக்கிறது. பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை என்று அந்தக் கும்பலே ஒதுக்கிவிட்ட ஓர் ஏழைக் குடியிருப்பு, பன்றிப்பட்டிச் சந்து. சிங் என்ற வெட்டிப்பயல் அங்கே வந்து, தான் கோடரிக் கும்பல்காரன் என்று சொல்லி மிரட்டிப் பார்க்கிறான். நிஜக் கும்பல் வந்து இறங்குகிறது. அப்போதுதான் தெரிகிறது, அந்தச் சந்தில் மூட்டை தூக்குபவரும் தையல்காரரும் பலகாரக் கடைக்காரரும் பெரிய வித்தைக்காரர்கள் என்று. அவர்களையும் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள், வாடகைக்காக நாள் முழுவதும் கத்திக்கொண்டிருக்கும் வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும்.

இந்தப் படத்தின் கதையும், இதற்கு நடிகர்களைத் தேடிப் பிடித்த விதமும் ஒன்றேதான் என்பது என் கருத்து. திரையில் மறைந்து வாழ்கிறவர்களாக வருபவர்கள் நிஜத்திலும் நம் கண்ணுக்கு மறைந்திருந்தவர்கள். வீட்டுக்காரராக வரும் யுவென் வாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் வந்த என்டர் தி டிராகன் படத்தில் புரூஸ் லீ குட்டிக்கரணம் அடிக்கும் இடங்களில் நாம் பார்ப்பது யுவென் வாவை. உலகமே வாயைப் பிளந்த அந்தக் கரணத்துக்கு முகம் ஒருவருடையது, முதுகெலும்பு இன்னொருவருடையது. சிறுவயதில் அவர் இருந்தது யூ ஜிம்-யுவென் என்ற ஆசிரியரின் சீன நாடகப் பள்ளியில். ஜாக்கி சான், சம்மோ ஹுங், யுவென் பியாவ் எல்லோரும் அங்கே ஒன்றாக அடி வாங்கி வளர்ந்தவர்கள். அந்தப் பிள்ளைகளின் பெயரில் வரும் 'யுவென்' ஆசிரியரின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த மனிதருக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 2005இல், இந்தப் படத்துக்காக ஹாங்காங் திரைப்பட விருதில் சிறந்த துணை நடிகர் பரிசு கிடைத்தது. அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் இருப்பது காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், நாலாவது மாடி. எங்கள் வாசலில் வீட்டுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கவ்வி, மேலே ஒரு மணி. பத்திரிகைக்காரர் கவ்வியில் செருகிவிட்டு ஓர் இழுப்பு இழுத்தால் மேலே மணி அடிக்கும். யார் வீட்டுக் கயிறு எப்போது ஆடுகிறது என்று தெரு முழுக்கத் தெரியும். ஆனால் மூன்றாம் மாடிப் பெரியவர் இளமையில் என்னவாக இருந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தச் சந்து எனக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

உங்களுக்கு அந்தப் படத்தில் யார்? சொல்லுங்கள்.


சிரியம் செல்வி எழுதியது:

அண்ணா, யோசிக்கவே வேண்டாம். வீட்டுக்காரம்மாதான்.

தலை நிறையச் சுருட்டு உருளைகள், வாயோரத்தில் சிகரெட், இரவு உடுப்பு, செருப்பு. அந்த அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிடும் காட்சியில் எங்கள் வீட்டில் எல்லோரும் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதித் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றவன் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கிறான் பாருங்கள், மோட்டார் ஓடாத நாளில் எங்கள் கட்டடத்தில் தினமும் கேட்கிற கேள்வி அது.

அந்த வேடத்தில் வரும் யுவென் சியூவும் யூ ஜிம்-யுவெனின் மாணவிதான். 1974இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான தி மேன் வித் தி கோல்டன் கன்னில் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு அடியாட்களை உதைக்கும் இரண்டு பெண்களில் ஒருவர். பிறகு நடிப்பை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். இந்தப் படத்துக்கு ஆள் எடுத்த இடத்துக்கு அவர் வந்தது வேறொருவருக்குத் துணையாக. ஓரத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த அவர் முகத்தில் இருந்த அலட்சியத்தைப் பார்த்த ஸ்டீபன் சோ, எனக்கு வேண்டியது இவர்தான் என்று பிடித்துக்கொண்டார். வேடத்துக்காக உடம்பை வேறு ஏற்றிக்கொண்டார். 2005இல் தைவானின் தங்கக் குதிரை விருது விழாவில் சிறந்த துணை நடிகை அவரே.

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணை, அழகுக்காகவும் வைக்காமல், அழுவதற்காகவும் வைக்காமல், அடிப்பதற்காக வைத்த படம் எத்தனை சொல்லுங்கள்? அந்த அம்மா தொண்டையைத் திறந்து கத்தினால் அது சிங்க கர்ஜனை என்னும் வித்தை. எதிரியின் துணி கிழிந்து பறக்கிறது. கத்துகிற பெண்ணைப் பார்த்து ஊர் முகம் சுளிக்கும். இங்கே அந்தக் கத்தலே ஆயுதம். அதே அம்மா ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தாள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே மகனைச் சண்டையில் பறிகொடுத்தவர்கள் அவர்கள். இனிமேல் கை ஓங்குவதில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்து ஒதுங்கியவர்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஐஸ்கிரீம் விற்கும் ஊமைப்பெண் ஃபோங். ஹுவாங் ஷெங்யிக்கு முதல் படம். முகம் அவ்வளவு பேசுகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் செய்ய ஒன்றுமே கொடுக்கவில்லை. சிறுவயதில் வாங்கிய மிட்டாயை அத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருக்கிறாள், அவன் தட்டிவிட்டு உடைக்கிறான், அவ்வளவுதான். வீட்டுக்காரம்மாவை எழுதியவர் இந்தப் பெண்ணையும் எழுதியிருக்கலாம்.


மோல்மேன் மழை எழுதியது:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், மன்னியுங்கள். பெரியவர்கள் எல்லோரும் அருமை, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் படம் அவர்களை ஏமாற்றிவிடுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

கூலிக்காரர், தையல்காரர், பலகாரக்காரர் மூவரும் ஆயுசு முழுக்கப் பயிற்சி செய்தவர்கள். மூவரும் செத்துப்போகிறார்கள். சிங் ஒரு நாளும் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை. திருடினான், ஏமாற்றினான், கத்தி எறியத் தெரியாமல் தன் தோளிலேயே குத்து வாங்கினான். கடைசியில் மிருகம் என்று பெயர் வைத்திருக்கும் அந்த வில்லன் அடித்த அடியில் உடம்புக்குள் அடைபட்டிருந்த ஏதோ திறந்துகொண்டதாம். கட்டுத்துணிக்குள் கிடந்தவன் எல்லோரையும் விடப் பெரியவனாக எழுந்து வருகிறான். இது என்ன நியாயம்? பிறவியிலேயே வித்தை இருந்தால் போதும் என்றால் மற்றவர்கள் எதற்குக் காலையிலே எழுந்து பயிற்சி செய்யவேண்டும்?

இரண்டாவது, கணினி வேலை. வீட்டுக்காரம்மா சிங்கைத் துரத்தும் காட்சியில் கால்கள் சக்கரமாகச் சுழல்கின்றன, கேலிச்சித்திரம் மாதிரி. யுவென் சியூ போல நிஜமாகவே வித்தை தெரிந்த ஒருவரைக் கொண்டுவந்துவிட்டு எதற்கு அந்தப் பொய்க்கால்?

எனக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டால் மிருகமாக வரும் புரூஸ் லியுங்தான். எழுபதுகளில் பெரிய நட்சத்திரம், 1981இல் தொலைக்காட்சித் தொடரில் ஹுவோ யுவான்ஜியா என்ற குங்ஃபூ வீரராக நடித்துப் புகழ் பெற்றவர். பல வருடம் திரைப்படமே இல்லாமல் இருந்துவிட்டு இதில் வந்தார். வழுக்கைத் தலை, பனியன், ரப்பர் செருப்பு. இவரா உலகத்திலேயே பெரிய கொலைகாரர் என்று நினைக்கும்போது துப்பாக்கிக் குண்டை இரண்டு விரலால் பிடிக்கிறார். பயந்துவிட்டேன்.


தங்கூ தம்பி எழுதியது:

ஒரு சந்தேகம். சண்டை அமைத்தவர் பெயர் யுவென் வூ-பிங் என்று வருகிறதே, அவரும் அந்த நாடகப் பள்ளிக்காரரா?


மாடிக்கயிறு எழுதியது:

இல்லை தம்பி. காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் சீனத்தில் எழுத்து வேறு. இவருக்கு அது குடும்பப் பெயர். 1978இல் ஜாக்கி சானுக்குக் குடிகார ஆசிரியராக வந்த தாத்தா இவருடைய அப்பா. சிறுவன் சிங்குக்குப் புத்தர் கைவித்தைப் புத்தகத்தை விற்கும் பிச்சைக்காரர் இவருடைய சகோதரர். முதலில் சண்டைகளை அமைக்கத் தொடங்கியவர் சம்மோ ஹுங்; இடையில் அவர் விலகியதும் யுவென் வூ-பிங் வந்தார். மேட்ரிக்ஸ் படத்துக்குச் சண்டை அமைத்தவரும் இவரே. கடைசியில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் கூட்டமாக வந்து விழும் காட்சியைப் பார்த்தால் கை அடையாளம் தெரியும்.


பெகு வாத்தியார் எழுதியது:

தம்பி மழைக்கு ஒரு பதில் சொல்லவேண்டும். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பது வருடமாகக் கம்பு சொல்லித்தருகிறேன். எனக்குச் சொல்லித்தந்தவர் பெகுவில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். பகல் முழுவதும் முதுகில் மூட்டை. இரவு எட்டு மணிக்கு மேல் கோயிலுக்குப் பின்னால் மணலில் நாங்கள் ஐந்து பேர். ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. 1964க்குப் பிறகு அவருடைய உறவுக்காரர்கள் எல்லாம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள், அவர் போகவில்லை. கேட்டால், பாதி சொல்லித்தந்த பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பார். அவரை நினைக்காமல் என்னால் இந்தப் படத்தைப் பார்க்க முடியாது.

மூட்டை தூக்குபவராக நடித்த ஷிங் யூ ஷாவோலினில் துறவியாகப் பயின்றவர். அவர் படத்தில் ஆடுவது பன்னிரண்டு வகை உதைகள் கொண்ட டாம் முறை. பலகாரக்காரராக வரும் டோங் சிஹுவா பிடிப்பது எண்கோணக் கம்பு. அதற்கு ஒரு பழங்கதை உண்டு. யாங் குடும்பத்து ஐந்தாம் பிள்ளை போர்க்களத்தில் சகோதரர்களை இழந்து துறவியானார். மடத்தில் ஈட்டி கூடாது என்பதால் ஈட்டி வித்தையைக் கம்புக்கு மாற்றினார் என்பார்கள். அதனால் அந்தக் கம்பு குத்தும். நம் சிலம்பம் சுற்றும். நம் கம்பின் அழகு காற்றைக் கிழிக்கும் வட்டத்தில் இருக்கிறது. அவர்கள் கம்பின் அழகு நேர்கோட்டில் இருக்கிறது. டோங் சிஹுவாவின் பின்காலைப் பாருங்கள். கம்பு முன்னால் போவதற்கு ஒரு கண் இமைக்கும் நேரம் முன்பே குதிகால் தரையில் பதிந்துவிடுகிறது. அதைக் கணினியால் செய்ய முடியாது. அது வருடக்கணக்கில் வருவது.

இப்போது சிங்குக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் முதல் தடவை அதே கோபம் வந்தது. ஆனால் கடைசிக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். வானத்திலிருந்து இறங்கி அந்த ஒரு கை அடித்து முடித்ததும் மிருகம் இது என்ன வித்தை என்று கேட்கிறான். சிங், உனக்குக் கற்க விருப்பமா, சொல்லித்தருகிறேன் என்கிறான். ஜெயித்தவன் சொல்கிற வார்த்தையா அது? தன்னைக் கொல்ல வந்தவனிடம் சொல்லித்தருகிறேன் என்கிறான். மிருகம் மண்டியிட்டு அழுகிறான். வித்தை பிறவியில் வந்ததா, அடியில் வந்ததா என்பது எனக்குப் பெரிதில்லை. வித்தை ஒருவனிடம் சேர்ந்ததும் முதலில் என்ன செய்கிறான் என்றே நான் பார்ப்பேன். என் வாத்தியார் கப்பல் ஏறாததும் அதற்காகத்தானே.


தையல்கடை (ரங்கூன்) எழுதியது:

நான் தையல்காரன். மொகல் தெருவுக்குப் பக்கத்தில் என் கடை. இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தையல்காரராக வரும் சியூ சி-லிங் நிஜத்தில் ஹுங் கார் என்னும் குங்ஃபூ முறையின் ஆசான். கையில் அவர் மாட்டிக்கொள்ளும் இரும்பு வளையங்கள் அந்த முறையில் பயிற்சிக்குப் பயன்படுத்துவது. கடையில் திரைச்சீலை மாட்டும் வளையங்களை அப்படியே கையில் சரசரவென்று இறக்கிக்கொள்கிறார் பாருங்கள், அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கத்தரிக்கோல் பிடித்தால் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே காய்ப்பு விழும். முன்கை பலம் தானாக வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் அந்த வேடத்தை எழுதியிருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

அவர் நெளிந்து பேசுவதைப் பார்த்து வீட்டுக்காரம்மா கேலி செய்கிறாள். எங்கள் டீக்கடையில் படம் போட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். சண்டை முடிந்தபோது அதே டீக்கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஊசி நூல் பிடிக்கிற ஆண்பிள்ளைகளைப் பற்றி வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்; அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.


மாடிக்கயிறு எழுதியது:

தையல்கடை ஐயா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மிக்க நன்றி.

வாத்தியார் ஐயா மூட்டை தூக்கியவரைப் பற்றி எழுதியதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் கீழ்வீட்டில் கான்டன் சீனர் ஒருவர் தச்சு வேலை செய்தார். பர்மியர்கள் கான்டன்காரர்களை 'லெட் டோ' என்பார்கள், குட்டைக்கை. ஹொக்கியன் மொழி பேசும் சீனர்களை 'லெட் ஷே', நீளக்கை. குட்டைக்கைச் சட்டை கைவேலைக்காரர்களுக்கு, நீளக்கைச் சட்டை வியாபாரிகளுக்கு என்று அன்றைக்கு உடுப்பை வைத்து வைத்த பெயர். அந்தத் தச்சர்தான் எனக்கு இந்தப் படத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்குப் பேச்சு விளக்கினார். படம் அவருடைய மொழி. எனக்கு ஆங்கில எழுத்து மட்டும்.

மூட்டை தூக்குபவரின் பெயர் ஆங்கிலத்தில் 'கூலி' என்று வருகிறது. நான் நம் சொல்லாயிற்றே என்றேன். அவர் சிரித்து, சீனத்திலும் அப்படித்தான் என்றார். மேசையில் இருந்த பென்சிலால் மரத்துண்டில் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினார். ஒன்றுக்குப் பொருள் கசப்பு, மற்றதற்குப் பொருள் வலிமை. கசப்பு வலிமை. கூலி என்னும் ஒலிக்குப் பொருந்தும்படி அவர்கள் தேர்ந்தெடுத்த எழுத்துகள் அவை. அந்தச் சொல் நம் தமிழ்க் 'கூலி'யிலிருந்து கிளம்பியது என்று சொல்வோர் பலர். குஜராத்தின் கோலி என்னும் மக்கள் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எங்கிருந்து வந்தாலும் கப்பலேறிப் போன சொல். நமக்கு அது வேலைக்குக் கிடைக்கும் காசு. வெள்ளைக்காரன் வாயில் அது மனிதனின் பெயராகிவிட்டது. சீனன் கையில் கசப்பு வலிமையானது. ரங்கூன் துறைமுகத்தில் நம் ஆட்களும் அவர்கள் ஆட்களும் அந்த ஒரே பெயரில்தான் மூட்டை தூக்கினார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய ஒருவன் ஒற்றைக் காலில் நின்று இருபது பேரை உதைக்கும்போது நானும் அந்தத் தச்சரும் ஒரே நேரத்தில் கை தட்டினோம்.

மொழிபெயர்ப்பில் இழந்ததும் உண்டு. வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் தங்கள் பெயரைச் சொல்லும்போது ஆங்கில எழுத்தில் கிரேக்கக் காதலர் பெயர் வருகிறது. சீனத்தில் அவர்கள் சொல்வது ஜின் யோங் என்ற எழுத்தாளரின் நாவலில் வரும் காதலர்களான யாங் குவோ, சியாவோலோங்னூ. வாய் ஓயாமல் சண்டை போடும் கிழவனும் கிழவியும் திடீரென்று நிமிர்ந்து, நான் நளன், இவள் தமயந்தி என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்திருக்கிறது அவர்களுக்கு.

மழை தம்பி, கணினி பற்றி: துரத்தும் காட்சி பொய் என்பது உண்மைதான். ஆனால் மூவரும் சந்தில் அடிக்கும் சண்டையில் கால் நிஜம், கம்பு நிஜம். எது கேலி, எது நிஜம் என்று பிரித்துத்தான் கணினியைக் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.


சிரியம் செல்வி எழுதியது:

கசப்பு வலிமை. இந்தச் சொல்லை இன்றைக்கு எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் தெரியுமா அண்ணா.

இன்னொன்று. 1983இல் ஜின் யோங் கதையை எடுத்த தொலைக்காட்சித் தொடரில் ஸ்டீபன் சோ சின்னஞ்சிறு வேடத்தில் வந்து உடனே அடிபட்டுச் சாகும் ஆளாக இருந்தவர். பெயரில்லாத ஆளாக நின்ற வலி தெரிந்தவருக்குத்தான் யுவென் வாவைத் தேடிப் பிடிக்கத் தோன்றும். கோடரிக் கும்பல் தலைவனாக வரும் டேனி சானும், சிங்கின் குண்டு நண்பனாக வரும் லாம் சி-சுங்கும் அவருடைய 2001 கால்பந்துப் படத்திலேயே இருந்தவர்கள். கூட வந்தவர்களை விடாத குணம்.


மோல்மேன் மழை எழுதியது:

நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். வாத்தியார் ஐயா சொன்ன குதிகாலை நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. கம்புக்கு முன்னால் கால் போகிறது.

சிங்குக்கு அந்தப் பலம் வந்த விதம் இன்னமும் எனக்கு ஒப்பவில்லை. மூவரும் சாகாமல் இருந்திருக்கலாம் என்ற வருத்தமும் போகவில்லை. ஆனால் சொல்லித்தருகிறேன் என்னும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஐயா, நான் இப்போது படிப்புக்காக ரங்கூனில் இருக்கிறேன். சனிக்கிழமை இரவு பெகுவுக்கு வந்து தங்க எனக்குச் சொந்தக்காரர் வீடு இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் கம்பு தொடங்கலாமா?


பெகு வாத்தியார் எழுதியது:

தொடங்கலாம். ஞாயிறு காலை ஐந்தரைக்கு வந்துவிடுங்கள். முதல் ஆறு மாதம் கம்பு கையில் தரமாட்டேன், காலடி மட்டும்தான். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மணல் ஈரமாக இருக்கும்.